இடப்பக்கக் குதிரை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தைக்கு வலது புருவம் இல்லாமல் போனது.

எங்கள் வயல் வேதாரண்யத்துக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருந்தது. அதைத் தாண்டினால் முள்காடும் உப்பளமும்தான். கதிர் பால் பிடிக்கும் நாட்களில், வெயில் சாய்ந்ததும் காட்டுப் பன்றிகள் இறங்கிவிடும். ஒரு கூட்டம் புகுந்தால் காலையில் அங்கே வயல் இருந்த அடையாளம்கூட இருக்காது. அவற்றை விரட்டத்தான் அப்பா துப்பாக்கி வைத்திருந்தார். தாத்தா காலத்துச் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. குண்டு போடுவதில்லை, கருமருந்து மட்டும் இடித்து, சத்தத்துக்காகச் சுடுவது. விசையை அழுத்தினால் கல்லைக் கவ்விய குதிரை பாய்ந்து இரும்பில் உரசும். பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரியும். அந்தத் தீ உள்ளே போய் வெடிப்பதற்குள் ஒரு கணம் உலகமே நின்றுவிடும். பிறகு இடி. பிறகு பனியோடு சேர்ந்து வயலின் மேல் மெல்ல நகரும் வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள் நடந்தால் வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த மார்கழியில் அப்பா மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வீட்டில் துப்பாக்கியைத் தொடத் துணிந்தவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு இடது கைப் பழக்கம். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் பக்கத்தில் நின்றால் அத்தை சுடலாம் என்பது அப்பா தானாகவே போட்டுக்கொண்ட சட்டம்.

முதல் நாள் வலது தோளில் வைத்துப் பார்த்தாள். துப்பாக்கி ஆடியது. இடது தோளுக்கு மாற்றியதும் கல்லாக நின்றது. ஆனால் குதிரையும் கிண்ணமும் வலப்பக்கத்தில் இருந்தன. இடது கன்னத்தைக் கட்டையில் பதித்தால் தீ நேராக அவள் முகத்தருகே பாயும். வலது கையால் சுடுபவனுக்கு அந்தத் தீ மறுபக்கத்தில் இருக்கும். அது அவனைத் தொடாது.

"மூஞ்சில அடிக்குதேம்மா" என்றார் அப்பா.

"பன்னி பயப்படுதுல்ல? அது போதும்ண்ணே."

கண்ணை இறுக மூடிக்கொண்டு இருபது நாட்களுக்கு மேல் சுட்டாள். விளைச்சல் வீடு வந்து சேர்ந்தது. புருவம் மட்டும் போய்விட்டது.

அறுப்பு முடிந்த வாரம் நாகப்பட்டினத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா மையால் புருவம் எழுதி, காபியை வலது கையால் கொடுக்கும்படி நான்கு முறை சொல்லி அனுப்பினாள். யாராவது கேட்டால் அடுப்பில் குனிந்தபோது பட்டது என்று சொல்ல வேண்டும். எனக்கும் அந்தப் பாடம் நடந்தது.

மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தார். "புருவத்துல என்னம்மா?"

"துப்பாக்கி சுட்டேன். தீ பட்டுடுச்சுங்க" என்றாள் அத்தை.

வந்தவர்கள் மிக மரியாதையாகக் காபியைக் குடித்து முடித்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்வதாகச் சொன்னார்கள். சொல்லவே இல்லை.

அப்பா அன்று சத்தம் போட்டார். "ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"சொல்லிட்டுப் போய், அந்த வீட்டுல காலம்பூரா எந்தக் கையால சோறு போடுறது?"

அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றினார். மணிக்கட்டுக் கட்டைப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

துப்பாக்கிக் கடை பாய் கல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்து வாங்கிப் பார்த்தார். அப்பா விஷயத்தைச் சொன்னதும், "தங்கச்சி வலது கையில பழகிக்கலாமே" என்றார்.

"வலது கையாலதான் எழுதுறேன், சாப்பிடுறேன். எல்லாத்தையும் மாத்திக்கிட்டாச்சுங்க" என்றாள் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை, ஊர் பேர் சொல்வதுபோலச் சொன்னாள்.

பாய் சற்று யோசித்துவிட்டு உள்ளே போனார். தூசி படிந்த ஒன்றைத் தூக்கி வந்தார். எல்லாத் துப்பாக்கியையும் போலத்தான் இருந்தது. குதிரையும் கிண்ணமும் மட்டும் இடப்பக்கம். யாரோ ஒரு இடது கைக்காரர் சொல்லிச் செய்ததாம். பல வருஷமாக யாரும் சீந்தவில்லையாம்.

அத்தை அதை வாங்கித் தோளில் வைத்தாள். கன்னத்தைப் பதித்தாள். கடைக்கு வெளியே தெருவின் வெளிச்சத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். பஸ்களின் ஹாரன் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. முதல்முறையாக அவள் கண்ணை மூடாமல் துப்பாக்கி பிடித்ததை நான் பார்த்தேன். வெகுநேரம் இறக்கவில்லை. பாயும் திருப்பிக் கேட்கவில்லை.

"இத மாத்திக்கிறோம்" என்றார் அப்பா.

காகிதங்கள் மாற இரண்டு மாதம் பிடிக்கும், அதுவரை இரண்டும் கடையிலேயே இருக்கட்டும் என்றார் பாய். வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, ஒங்க கைதான் சரியாயிடுச்சே. அதை வச்சு நீங்க எப்படிச் சுடுவீங்க?"

"சுட்டா என் புருவம் போயிடும்" என்றார் அப்பா. எதற்கோ சிரித்தார்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுத்த வயல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. காற்றில் தூசி என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

எனக்கு அப்பாவை நினைத்து மிகவும் வருத்தமாக இருந்தது. நல்ல துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தனக்கு உதவாத ஒன்றை வாங்குகிறாரே, இப்படி வியாபாரம் தெரியாத மனிதராக இருக்கிறாரே, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடியே அத்தை மடியில் தூங்கிப்போனேன்.