சாமி ஆட்டுக்கு ஊற்றாத மருந்து

மகள் கவிதாவுக்கு விடாத காய்ச்சல் ஒருவழியாக இறங்கியதும், மாரியம்மனுக்கென்று ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டேன். மானாம்பதி கிராமத்தில் எங்களுக்கு மேலும் ஐந்து ஆடுகள் இருந்தன. கால்நடை முகாமில் அவற்றுக்குக் குடற்புழு மருந்து ஊற்றினார்கள். கிடாவை மட்டும் நான் கொட்டகையிலேயே கட்டிவிட்டேன். சாமிக்கு விட்டதற்கு மருந்து கொடுத்தால் குற்றமாகிவிடும் என்று பயம்.

மழைக்குப் பிறகு எல்லாம் ஏரிக்கரைப் புல்லில் ஒன்றாகத்தான் மேய்ந்தன. கிடாவின் தாடைக்கு அடியில் பை போல வீங்கியது.

"நல்லா கொழுத்துக்கினு வருதும்மா" என்று கவிதா பூரித்தாள். நானும் நம்பினேன். நான்காம் நாள் அது எழுந்திருக்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து அதன் கீழ்இமையை விரித்துக் காட்டினார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"வயித்துல இருக்கிற புழு ரத்தத்தைக் குடிச்சிடுச்சும்மா. தாடை வீக்கமும் அதனாலதான். ஆடு செத்தா புழுவுக்கும் வாழ்வு இல்ல. கொஞ்சமா இருந்தா ஆடு தாங்கும், பெருகிட்டா தாங்காது. புழுக்கையோட முட்டை வெளிய வந்து, புல்லு வழியா மருந்து குடிச்ச மத்த ஆட்டுக்கும் திரும்பப் போயிருக்கும்" என்றார்.

கிடா அன்று மாலையே இறந்தது. மறுவாரம் அந்த ஐந்தில் சினையாக இருந்த வெள்ளாடும் அதே புழுவால் போயிற்று.

"கிடாவ இன்னாத்துக்கும்மா ஒளிச்சு வச்ச?" என்று கவிதா கேட்டாள்.

வேண்டுதலுக்கு வேறொரு குட்டியை விட்டிருக்கிறேன். முகாம் நாளில் அதைத்தான் முதலில் கொண்டுபோகிறேன். தினமும் காலையில் அதன் இமையை விரித்துப் பார்க்கிறேன். உள்ளே சிவப்பு தெரிந்த பிறகுதான் அம்மனைக் கும்பிடுகிறேன்.