சருகு பிரிக்காத லோடு

தொட்டியம் தோப்பில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்ரீரங்கத்திலிருந்து போன் வந்தது. வக்கீலம்மாவின் குமாஸ்தா பேசினார். விடியற்காலையில் நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே அம்மா போய்விட்டார்களாம். ஏற்றிக்கொண்டிருந்த லோடே அம்மாவுக்காகத்தான்.

வக்கீல் ரங்கநாயகி அம்மாவை அறிந்த உங்களுக்குத்தான் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது, மருமகள் எழுதுகிறாள். பார்த்ததும் கேட்டதும் மட்டும் மறக்காது.

பக்கத்து மாநிலத்தில் ஒரு விதி போட்டார்கள். வாழைச்சருகில் நோய் வருகிறதாம். சருகு சுற்றிய வெளிமாநிலத் தாரை எல்லையில் நிறுத்திச் சோதிப்பார்களாம். சோதித்து விடுவதற்குள் தார் பழுத்துவிடும். சருகு இல்லாமல் அனுப்பினால் அடிபட்டுக் கறுத்துவிடும். இரண்டு விதத்திலும் சாவு எங்களுக்குத்தான்.

முதல்முறை சருகு சுற்றிய ஒரு பூவன் தாரோடு அம்மா வீட்டுக்குப் போனேன். "கொள்ளிடம் பாலத்துல நிறுத்திச் சருகப் பாக்கலையா?" என்று சிரித்தார்கள். பிறகு நிதானமாக விளக்கினார்கள். நாடு முழுவதும் வியாபாரம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. பொதுநலனுக்காக மாநிலம் கட்டுப்பாடு போடலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு என்றார்கள்.

"நோயத் தடுக்க அவாளுக்கு அதிகாரம் இருக்கு, பெரியவரே. அதுல சண்டை இல்ல. அவா ஊர்த் தாரும் இதே சருகுலதானே போறது? நம்ம தார மட்டும் நிறுத்தப்படாது. அந்த 'மட்டும்'தான் நம்ம கேஸு."

கேஸ் போட்டார்கள். அந்த மாநிலத்துச் சந்தைக்கே ஆள் அனுப்பி, சருகு சுற்றிய அவர்கள் தாரைப் படம் பிடித்துக் கோர்ட்டில் வைத்தார்கள். எதிர்வக்கீல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தொட்டியம், முசிறி விவசாயிகள் சருகைப் பிரித்துத்தானே அனுப்புகிறார்கள், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார். உண்மைதான். கேஸ் முடிகிறவரை சமாளிப்போம் என்று ஊரே சருகைப் பிரித்திருந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெளியே வந்ததும், "நீங்களே பணிஞ்சு போனா நான் யாருக்காகப் பேசறது? ஒரு லோடாவது சருகோட போகணும். அத அவா நிறுத்தணும்" என்றார்கள். கடன்காரன் வாசலில் நிற்கிறபோது எவன் துணிவான்? வயதானவன், நான் ஒத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் லோடு ஏற்றுகிற முருகேசன், "சருகப் பிரிச்சிரட்டுமா பெரியப்பா? இனி யாருக்காக?" என்றான். வேண்டாம் என்றேன். லாரி சருகோடு போனது. எல்லையில் நிறுத்திவிட்டார்கள். தார் மஞ்சளாகிறது என்று டிரைவர் நேற்றுச் சொன்னான்; இன்று ஈ மொய்க்கிறது என்கிறான்.

அம்மா கேட்ட சாட்சி கிடைத்துவிட்டது. எடுத்துச் சொல்ல அம்மா இல்லை. போய்ப் பார்த்த வக்கீல்கள் எல்லாரும் வழக்கை வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். வருகிற வாரம் கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுந்து நிற்க நான் ஒருவன்தான். அம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த 'மட்டும்' ஒன்றுதான். அதை நீதிபதியிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.