இடது கைக்கு எட்டும் எழுத்துகள்

சென்ற திங்கட்கிழமை பரமேஸ்வரி அக்கா எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தபோது எல்லாரும் பதறி எழுந்துவிட்டோம். வலது கையில் மாவுக்கட்டு! கெலுகோர் சாலையில், மழை ஈரத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டதாம்.

“டாக்டர் குடுத்த எம்.சி. லீவு இருக்குல்ல அக்கா? வீட்ல படுக்கலாமே?” என்றேன்.

“படுக்கலாம் தம்பி. அடுத்த மாசம் என் கண்ட்ராக்ட் முடியுது. நான் படுத்தா, இந்த நாற்காலில வேற ஆள் உட்காருவான் லா.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தேவிட்டார்.

எங்கள் தொழிற்சாலையின் யூனிக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கறுப்புத் திரை... நீள நீளமான கமாண்டுகள். ஒரு புள்ளி தவறினாலும் நகராது. மேனேஜர் என்னைப் பார்த்தார் — “நீங்க பக்கத்துல உட்கார்ந்து டைப் அடிச்சுக் கொடுங்க.”

அடித்தேன். தப்பும் தவறுமாக! மத்தியானத்துக்குள் இருவருக்குமே வெறுத்துவிட்டது.

“போதும் தம்பி. நான் சொல்ற அலியாஸ் மட்டும் அடிச்சுக் குடு.”

அலியாஸ் என்றால்? நீண்ட கமாண்டுக்கு நாமே வைக்கும் குட்டிப் பெயர். அதை அடித்தால் போதும், முழுக் கமாண்டும் ஓடும்.

“கடையில போயி ‘பால் வேணாம், சீனி வேணாம், கறுப்புக் கோப்பி’ன்னா கேக்குற? ‘கோப்பி ஓ கோசோங்’. முடிஞ்சுதுல்ல?”

அவர் வைத்த பெயர்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எஸ், டி, எஃப், ஜி... எல்லாமே கீபோர்டின் இடது பக்கத்து எழுத்துகள்!

“டபிள்யூன்னு ஒத்த எழுத்தே வைக்கலாமே அக்கா?”

“வேணாம். அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு கமாண்ட் இருக்கு. குழம்பிடும்.”

லாகின் செய்ததும் தானாகப் படிக்கப்படும் ஃபைலில் அத்தனையையும் சேர்க்கச் சொன்னார். அதோடு என் வேலை முடிந்தது.

வியாழன் காலை டிஸ்க் நிரம்பிவிட்டது. முடிவுகளைப் பதிய இடமில்லாமல், உற்பத்தி லைனில் சோதனை மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜர் ஓடிவந்தார். நான் பாய்ந்துபோய் நாற்காலியை இழுத்தேன்.

“நீ இரு தம்பி.”

இடது கையால் இரண்டு எழுத்து — பெரிய ஃபைல்களெல்லாம் திரையில் வரிசைகட்டின. இன்னும் இரண்டு — பழையவை டேப்பில் நகலாயின. எண்டர் தட்ட மட்டும் கை குறுக்கே நீண்டது. கடைசியில் அழிக்கும் கமாண்ட். அதை மட்டும் முழுசாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

“இதுக்கு அலியாஸ் இல்லையா?” என்றார் மேனேஜர்.

“அழிக்கிறப்போ கை மெதுவாத்தான் போகணும் சார்.”

மெஷின்கள் மறுபடி ஓடின. சுருக்குவழி தேடுகிறவர்கள் சோம்பேறிகள் என்று யார் சொன்னது? எங்கே சுருக்கலாம், எங்கே கூடாது என்று உட்கார்ந்து யோசிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும்!

மறுநாள் மேனேஜரே புதிய கண்ட்ராக்டைக் கொண்டுவந்து நீட்டினார். “கை முடியாதே... இனிஷியல் போட்டாப் போதும்” என்றார்.

அக்கா கேட்டால்தானே? நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கையால், முழுப் பெயரையும் எழுதினார் — கோணல்மாணலாக, ஆனால் ஓர் எழுத்துகூடக் குறையாமல்!