அக்கா போட்ட பிடி அரிசி

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் நடந்தது இது. என் கணவருக்கு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மாற்றலாகி வந்து, தறிக்காரர்கள் குடியிருந்த ஒரு வளவில் வாடகைக்கு இருந்தோம். வளவு என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு வீடுகள்; ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்மல் கேட்கும். அங்கே கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் மட்டும்தான்.

எனக்கு ஏழாம் மாதம். திடீரென்று வலி கண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. ஒரு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. அங்கிருந்து அம்மா வீட்டுக்குப் போய், ஒரு மாதத்துக்கு மேல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி, "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. அப்படி ஒரு சித்தம் என்றால் அவரோடு எனக்குப் பேச்சே வேண்டாம் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் ஆள் யாரென்று பார்க்க மாட்டேன், கடவுளையும் பார்க்கவில்லை. ஜெபத்தை விட்டேன். இனி ஆலயத்துக்கும் வரமாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். 

சங்கரன்கோவிலுக்குத் திரும்பிய இரண்டொரு நாளில், எங்கள் ஆலய ஊழியரான உபதேசியார் சைக்கிளில் வந்தார். எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோறு பொங்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, ஆலயத்துக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்போம். மாதம் ஒரு தடவை உபதேசியார் வந்து வாங்கிக்கொண்டு போவார். நான் வாசலிலேயே நின்றுகொண்டு, "அரிசி இல்ல. நான் ஊர்லயே இல்ல" என்றேன். இனிமேலும் கிடையாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அதற்குள் எதிர்வீட்டு அக்கா குரல் கொடுத்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கணவர் தறி நெய்கிறவர். என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றிலிருந்து எங்கள் வீட்டின் இன்னொரு சாவி அவர் கையில்தான் இருந்தது.

"ஏட்டி, இருக்குல்லா! உள்ள போயி பானையப் பாரு."

போய்ப் பார்த்தேன். கழுத்துவரை அரிசி. கையை விட்டு அள்ளினேன். அடியில் நான் போட்ட வெள்ளை அரிசி கொஞ்சம். அதற்கு மேலே முழுக்க ரேஷன் அரிசி, கல்லும் கறுப்புமாக. என் கணவர் எனக்கு முன்பே வேலைக்குத் திரும்பியிருந்தார் என்றாலும் அவருக்குச் சாப்பாடு கிளப்புக் கடையில். எங்கள் அடுக்களையில் பானை எங்கே இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது.

அக்கா பின்னாலேயே வந்து நின்றார்.

"நீங்களாக்கா போட்டீங்க?"

"பின்ன யாரு? என்னத்தட்டி தனியா எடுத்து வைக்கன்னு ஒருநா கேட்டதுக்கு, சாமிக்குன்னு சொன்னல்லா? சாமிக்கு வைக்கத நடுவுல நிறுத்தலாமா? அதான், நான் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி கொண்டாந்து போட்டுட்டு வாரேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூல் வராமல் அவர்கள் தறி நின்றுபோயிருந்த நேரம் அது. ஒரு வேளைதான் சோறு, மற்ற வேளைக்குச் சோளக் கஞ்சி என்பது வளவுக்கே தெரியும். வளர்கிற பையன்கள் வேறு இரண்டு பேர். "இத நீங்களே எடுத்துட்டுப் போங்கக்கா, பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுங்க" என்று பானையை நீட்டினேன். அவருக்கு வந்ததே கோபம்!

"சாமிக்கு வச்சதத் திருப்பித் தாரியாக்கும்? நல்லாருக்கே! போயி அந்த அண்ணாச்சிகிட்ட குடு."

கொடுத்தேன். உபதேசியார் பையில் சாய்த்துக்கொண்டு, வழக்கம்போல் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் போனதும் அக்காவிடம் வெடுக்கென்று கேட்டேன்: "பிள்ள போயிட்டுன்னு தெரிஞ்ச பெறகுமா போட்டீங்க?"

"அன்னைக்குத்தாம்ட்டி ரெண்டு பிடியாப் போட்டேன்."

காலிப் பானையை என் கையிலிருந்து வாங்கி, அடுக்களையில் அதன் இடத்தில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு மூத்தது ஒண்ணு தொட்டில்லயே போச்சு. கோயில் கோபுரம் இங்கன நின்னாலே தெரியுது. வருசக்கணக்கா அந்தப் பக்கம் நான் எட்டிப் பாக்கல. வீட்டுலயும் வெளக்கு ஏத்தல. எனக்குப் பதிலா யாராவது ஒரு வெளக்க ஏத்தி வச்சிருக்கலாமேன்னு பெறவு நெனச்சிருக்கேன். நீ திரும்பி வந்தாலும் வைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் நான் வச்சேன்."

அவரும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. குழந்தை போனதிலிருந்து நான் அழவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். என் முதுகைத் தடவிக்கொண்டு அவரும் அழுதார். இரண்டு வீட்டு அடுப்பும் அன்று மத்தியானம் தாமதமாகத்தான் எரிந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கோபம் அப்படியேதான் இருந்தது. மறுநாளும் நான் பிடி அரிசி எடுக்கவில்லை. அக்கா வந்தார், என் அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டார், "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதட்டலும் இல்லை, புத்திமதியும் இல்லை. தினமும் இதே கதைதான். நானும் வீம்புக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலை, ஏதோ நினைப்பில் அரிசி அளந்துகொண்டிருந்தபோது என் கை தானாகவே ஒரு பிடியை அள்ளிப் பானையில் போட்டுவிட்டது. நிமிர்ந்தால் நிலைப்படியில் அக்கா.

"அப்பாடா, எனக்கு ஒரு சோலி மிச்சம்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். குழந்தை போன பிறகு முதல் சிரிப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கடவுளோடு எனக்கு மறுபடியும் பேச்சு தொடங்க இன்னும் நாளானது. முதலில் சண்டைதான் போட்டேன். ஆனாலும் பேசினேன்.

பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டோம். ஆலயத்தில் நாங்கள் நம்புவதை எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று ஓர் இடம் வரும்; கடவுளின் மக்கள் ஒருவருக்கொருவர் துணையாக இணைந்திருப்பது என்று அர்த்தம். சிறு வயதிலிருந்து அர்த்தம் யோசிக்காமல் ஒப்பித்து வந்த வார்த்தை அது. இப்போதெல்லாம் அந்த இடம் வந்தால், எங்கள் ஆலயத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காத அந்த அக்காவின் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது.