மாமாவின் கன்னம்

எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் அத்தனை பேரும் என் தாய்மாமாவின் கன்னத்தை உள்பக்கமாகப் பார்த்தவர்கள்.

மாமா அங்கே ஆய்வக உதவியாளர். செல் என்றால் என்னவென்று காட்ட வேண்டிய நாளில், பல்குச்சியின் தட்டை முனையால் தன் கன்னத்தை உள்ளே மெல்லச் சுரண்டுவார். வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் வைப்பார். பிறகு பக்கத்திலேயே கைகட்டி நின்றுகொண்டு, குனிந்து பார்க்கும் ஒவ்வொருவரிடமும் கேட்பார்:

"எப்படி இருக்கேன்?"

நீலக் குளத்தில் மிதக்கும் கிழிந்த அப்பளங்களைப்போல் இருப்பார். ஒவ்வொரு அப்பளத்துக்கும் நடுவில் ஒரு கரும்பொட்டு, அதுதான் உட்கரு. சுற்றிலும் கூழ்போன்ற சைட்டோபிளாசம். விளிம்பில் செல் சவ்வு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்று தீர்மானிக்கிற காவல்காரன். இதையெல்லாம் புத்தகம் சொல்லும். மாமா வேறு மாதிரி சொல்வார்.

"இந்த உட்கரு இருக்கே, அது உங்க அத்தை மாதிரி. இடத்தைவிட்டு நகராது. ஆனா உத்தரவெல்லாம் அங்கேருந்துதான்."

அத்தையும் சளைத்தவரில்லை. மைட்டோகாண்ட்ரியாதான் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கிறது, ஆனால் எங்கள் நுண்ணோக்கியில் அது சரியாகத் தெரியாது என்று நான் ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டேன். அத்தை உடனே, "உங்க மாமாவோடதுன்னா எதுல பாத்தாலும் தெரியாதுடா. ஞாயித்துக்கிழமை ஒரு வாளி தண்ணி தூக்கச் சொல்லு, இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்றார்.

ஊரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்தவன் நான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் என் கடைசி ஆண்டுச் செய்முறைத் தேர்வு வீட்டுக்கே தேர்வாகிவிட்டது. அதில் தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். அம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

மாமாவுக்கும் ஒரு கண்டம் இருந்தது. புதிதாக வந்த துறைத்தலைவர், "எச்சில் விவகாரமெல்லாம் எதுக்குங்க? இன்னொரு தடவை ஏதாவது புகார் வந்துச்சுன்னா கடையிலேருந்து ரெடிமேட் ஸ்லைடு வாங்கிடுவேன்" என்று எச்சரித்திருந்தார். அன்றிலிருந்து மாமா கன்னத்தைப் பொன்னாகப் பார்த்துக்கொண்டார். செய்முறை நாளில் டீகூடக் குடிக்காமல், வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பல்குச்சியைத் தொடுவார்.

தேர்வன்று காலையில் அவருக்கும் அத்தைக்கும் வாளித் தண்ணீர் விஷயமாகவே சண்டை. சாப்பாட்டு டப்பாவை எடுக்காமல் கிளம்பிவிட்டார். தாவர செல் காட்ட வெங்காயத் தோலை உரித்து வைத்தபோது மிச்ச வெங்காயம் மேசைமேல் கிடந்தது. பசி. உப்பைத் தொட்டு மென்றுவிட்டார். கொப்பளிக்கக் குழாயடிக்குப் போகும்போது, வெளியூர்த் தேர்வாளர் முன்னதாகவே வந்துவிட்டார் என்று கூப்பிட்டார்கள். ஓடினார். சுரண்டினார். வைத்தார்.

நான்காம் கேள்விக்கு வைத்திருந்த நுண்ணோக்கியில் குனிந்தேன். மாமாவின் கன்னம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைக் காட்டும் முள்ளுக்கு நேராகச் செங்கல் அடுக்கியதுபோல் நீள்சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் தடித்த செல் சுவர். விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது; சவ்வு மட்டும்தான். கண்ணை நம்புவதா, மாமாவை நம்புவதா? மாமாவை நம்பி, 'மனிதக் கன்னச் செல். செல் சுவர் இல்லை' என்று எழுதினேன். வகுப்பே அப்படித்தான் எழுதியிருந்தது.

தேர்வாளர் விடைத்தாள்களைப் பார்த்தார். நுண்ணோக்கியில் குனிந்தார். மறுபடி தாள்களைப் பார்த்தார்.

"என்னங்க இது? செவுரு செவுரா தெரியுது, அத்தனை பேரும் கன்னம்னு எழுதியிருக்காங்க! பாக்காமலே எழுதுறதுக்குப் பேரு தேர்வா? இந்தத் தேர்வு செல்லாது. அடுத்த வருஷம் வந்து எழுதட்டும்."

துறைத்தலைவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா ஒரு தடவை கன்னத்தைத் தடவிக்கொண்டார், வழியனுப்புகிற மாதிரி.

"சார், பசங்க எழுதினது சரிதான். அது என் கன்னம்தான்."

"உங்க கன்னத்துல செவுரு எப்படிய்யா வரும்?"

"வெங்காயம் சார்."

"என்ன வெங்காயம்?"

மாமா வாயால் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தார். தேர்வாளர் இரண்டடி பின்னால் போய் மேசையில் மோதிக்கொண்டார். அதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. அவர் மூக்கைப் பொத்தியபடியே தகட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார். வெங்காயத் துணுக்குக்குப் பின்னால் நீல அப்பளங்கள் ஒளிந்துகொண்டிருந்தன.

"போய் நல்லாக் கொப்பளிச்சுட்டு வாங்க. என் கண் முன்னாலேயே புதுசா எடுங்க. நாலாவது கேள்வியை மட்டும் எல்லாரும் திரும்ப எழுதணும். இந்தத் தடவை பாத்து எழுதணும்!"

மாமா கொப்பளித்தது மாடிவரை கேட்டது. புதுத் தகடு வந்தது. தேர்வாளர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மாமாவால் அடக்க முடியவில்லை.

"எப்படி இருக்கேன் சார்?"

"நல்லாத்தான் இருக்கீங்க. இப்ப செவுரு எல்லாம் இடிஞ்சுபோச்சு" என்றார் அவர். சிரிப்பை மறைக்கத்தான் தலையை நிமிர்த்தவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நான் பட்டதாரி ஆனேன். துறைத்தலைவரும் சொன்னதைச் செய்தார். ரெடிமேட் பெட்டி வந்து இறங்கியது. மாமா அதில் ஒரு தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாரோ, பாவம். முகமே சரியில்லை" என்று வைத்துவிட்டார்.

என் பட்டமளிப்புப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதன் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு ஒட்டியிருக்கும். அன்று தேர்வாளர் முன்னால் எடுத்தது. வருகிறவர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டு பாராட்டுவார்கள். மாமா காத்திருந்து, தகட்டைத் தொட்டுக் காட்டுவார்.

"பக்கத்துல நிக்கிறது நான்."