நடுவில் நின்று பேசியவள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது, என் தங்கை கண்ணை மூடியபோது விட்டுப் போனது. அவனுக்குத்தான் செல்லம் அதிகம் என்று மற்ற ஆறும் இன்றைக்கும் குறை சொல்லும். எழுத்து என்று பார்த்தால் என் பெயரைப் போடத் தெரியும், அவ்வளவுதான். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை நான் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி ஷாலு எழுதுகிறாள். என் பேச்சை அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கிப் போடுகிறாள். போடட்டும், மரியாதையாகத்தான் இருக்கிறது.

போன பள்ளி விடுமுறையில் மகன் எங்களை மலாக்கா டவுனில் இருக்கும் மர அரண்மனைக்குக் கூட்டிப்போனான். பழைய சுல்தான் காலத்து அரண்மனை மாதிரியே கட்டி வைத்திருப்பது. நாங்கள் இருப்பது புக்கிட் பெருவாங். காரில் ஏறி உட்கார்ந்து கண் அசருவதற்குள் டவுன் வந்துவிடும். ஆனாலும் இத்தனை வயதில் அதற்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினால் பலகை வாசம். உள்ளே ஆள் உயரப் பொம்மைகள். சீனன், அரபுக்காரன், ஜாவாக்காரன், தலைப்பாகையோடு நம் ஆள் ஒருவன், எல்லோரும் சரக்கைப் பரப்பிக்கொண்டு. விளக்கம் சொன்ன மலாய்ப் பெண் சொன்னாள்: கப்பல் கப்பலாக வந்து நிற்குமாம், ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாதாம், அதனால் நடுவில் நின்று இருவருக்கும் எடுத்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்களாம்.

ஷாலு என் கையைப் பிடித்துக் கேட்டாள். "பாட்டி, அந்தக் காலத்துல பொறந்திருந்தா நீங்க என்ன வேல செஞ்சிருப்பீங்க?"

மருமகள் முந்திக்கொண்டாள். "வேறென்ன, சுல்தான் வீட்டுக் குசினியில சம்பால் அரைச்சிருப்பாங்க. உப்பு பத்தலன்னு சுல்தானையே ஏசியிருப்பாங்க."

"நீ சும்மா இரு" என்றேன். "நான் அந்த நடுவுல நிக்கிற ஆளா இருந்திருப்பேன்."

"சீரியஸாவா பாட்டி? அதுக்கு நெறைய பாஷ தெரியணும்லா."

"எனக்கு நாலு தெரியும்டி. ஒனக்கு எத்தன?"

"மூணு."

"அப்ப நீ எனக்குக் கீழதான்."

பொய் இல்லை. மலாய் எனக்கு இறால் விழுது பிளாச்சான் சுடும் வாசத்தோடு வந்தது. சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே தள்ளி இருந்தது நாங்கள் வேலை செய்த ரப்பர்த் தோட்டம். அம்மா மரம் சீவப் போகும்போது என்னைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர் கிராமத்தில், கம்பத்தில், ஒரு மலாய் அம்மாள், மாச்சிக், வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அந்த அம்மாளுக்கு ஒன்பது பிள்ளைகள். பத்தாவதாக நானும் வரிசையில் உட்கார்ந்து சோற்றுக்குக் கை நீட்டினேன், பாஷையும் கூடவே உள்ளே போயிற்று. ஹொக்கியன் சீனம், சிம்பாங் அம்பாட் சீனன் காப்பிக்கடையில் கோப்பை கழுவிய நாளில் கற்றது. இங்கிலீஷ் மட்டும் அரைகுறை. தோட்டத்துத் துரை திட்டுவது புரியும், பாராட்டினால் புரியாது. பாராட்டியதும் இல்லை.

கல்யாணமாகி நானும் மரம் சீவப் போன பிறகு, தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லோருக்கும் வாய் நான்தான். பிள்ளைக்குப் பிறப்புச் சூராட் எடுக்க வேண்டும், அடையாள அட்டை ஐசி தொலைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். காலையில் மரம் சீவி, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் மனைவி கூடப் போகமாட்டாள் அத்தனை மிடுக்காக. "வாய்க்கார அக்கா வந்தாத்தான் ஆபீஸ்ல வேல நடக்கும்" என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்குக் கழுத்து ஒரு சாண் நீளும்.

ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் சுருக்கென்று ஏதாவது சொன்னால் அப்படியே இந்தப் பக்கம் தரமாட்டேன். பிள்ளைக்கு மீன் ஊட்டும்போது முள்ளை எடுத்துவிட்டுத்தானே கொடுப்போம், அந்த மாதிரி. "ஒங்காளுக்கு அறிவு இருக்கா" என்று கடைக்காரச் சீனன் கத்தினால், "இன்னொரு தடவ யோசிச்சுப் பாக்கச் சொல்றாரு" என்பேன். சண்டை வராது. இரண்டு பக்கமும் என்னை நல்லவள் என்றது. நானும் அதைத் திறமை என்று நினைத்திருந்தேன்.

டெட்டால் வாசம் வந்தால் எனக்குப் பாக்கியத்தின் நினைவு வரும். பக்கத்து வீடு, மலைக்காட்டில் மரம் சீவும்போதும் பக்கத்து நிரை. இருட்டோடு போய் மரத்துக்கு மரம் பேசிக்கொண்டே சீவுவோம். அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் முள் குத்தி, விரல் கறுத்துப் போயிருந்தது. அந்த வாரம் அவள் மகள் செல்விக்குக் கல்யாணம். முந்தின நாள்தான் வீட்டு முன்னால் பந்தக்கால் நட்டிருந்தார்கள். எங்களுக்கு மாதா கோயிலில் அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது, நாங்கள் வேதக்காரர்கள். ஆனால் லயத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். கால் நட்டபிறகு அந்த வீட்டில் கெட்ட வார்த்தை விழக்கூடாது, வீட்டுக்காரி வெளியே ராத்தங்கக் கூடாது. "கட்டு மட்டும் மாத்திட்டு ஓடியாந்துரலாம்க்கா, வெத்தல பாக்கு வக்கிற வேல கெடக்கு" என்று சொல்லித்தான் என்னோடு டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

டாக்டர் சின்ன வயதுச் சீனப் பிள்ளை. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக மலாயில் என்னிடம் சொன்னார். இன்றைக்கே இங்கே படுக்க வேண்டும். நாளைக் காலையில் இரண்டு விரலை எடுக்க வேண்டும். தள்ளிப் போட்டால் கால் போகும், உயிருக்கும் சொல்ல முடியாது.

"என்னக்கா சொல்றாரு?" பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். கையில் காய்ந்த மஞ்சள் இருந்தது.

நான் சொன்னேன்: "மருந்து குடுக்குறாராம். கல்யாணம் முடிஞ்சதும் வந்து படுக்கச் சொல்றாரு."

அந்தப் பக்கம் திரும்பி டாக்டரிடம் சொன்னேன்: வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு நாளைக்கு வந்துவிடுவாள்.

அவர் என்னையே பார்த்தார். "டியா ஃபாஹாம் தாக்?" என்றார். அவளுக்குப் புரிந்ததா என்று கேட்டார்.

"ஃபாஹாம், டாக்டர்" என்றேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பாக்கியம் பட்டுச்சேலையை இழுத்து விட்டுக் கட்டை மறைத்துக்கொண்டு மூன்று நாளும் நின்றாள். மறுவீடு முடிந்து மூன்றாம் நாள் ஜுரத்தில் பிதற்றினாள். தோட்டத்து லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இத்தனை வருடமாக எந்தப் பாஷையிலும் யாருக்கும் சொன்னதில்லை. "அந்த டாக்டரு நல்ல மனுசன்க்கா. கல்யாணம் முடியட்டும்னு விட்டாரு பாரு. எம்புள்ள கழுத்துல தாலி ஏறுனதக் கண்ணால பாத்தேன்."

அந்த ஒரு கணம் கிடைத்தது. வாயைத் திறந்திருக்கலாம். "ஆமா பாக்கியம்" என்றேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அப்போதிருந்த சாமியாருக்குத் தமிழ் தெரியாது, மலாயில் சொன்னேன். மலாயில் சொல்லிப் பார்த்தால் அந்தப் பாவம் சின்னதாகிப் போயிற்று. தோழி பயப்படக்கூடாது என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னேன், அவ்வளவுதான். அவரும் லேசாக மன்னித்தார். அங்கேயும் முள்ளை எடுத்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறேன் என்பது வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது உறைத்தது. அதன்பிறகு யாருக்கும் வாயாகப் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிக்கொண்டேன்.

ஆக, சுல்தான் காலத்தில் பிறந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அரண்மனையில் ஷாலுவிடம் பெருமையடித்துவிட்டு அன்றைக்கு வீடு வரும்வரை அதையே யோசித்தேன். சுல்தான் கொல்லுவேன் என்று சொல்லியிருப்பார், நான் கப்பல்காரனிடம் விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்று சொல்லியிருப்பேன். அவனும் நம்பிக் கரையில் இறங்கியிருப்பான்.

இப்போது அந்த வேலைக்கு ஆள் வேண்டாம். போன வாரம் இரத்த அழுத்த மாத்திரைக்காகக் குருபோங் பக்கம் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலை வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்த ஊர்க்காரப் பையன் ஒருவன், கையில் பெரிய காயம், தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. நர்ஸ் கைபேசியில் மலாயில் சொன்னாள். அது உடனே தமிழில், வானொலிச் செய்தி மாதிரி, சொன்னது: சீழ் பரவிவிட்டது, இன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். அவன் முகம் வெளுத்தது. ஆனால் எழுந்து அவள் பின்னால் போனான். உன் வீட்டில் பந்தக்கால் நட்டிருக்கிறதா என்று அந்தக் கைபேசி கேட்கவில்லை.

தோட்டமும் இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையையும் வெட்டி வரிசை வீடு கட்டிவிட்டார்கள். பாக்கியத்தின் நிரை ஓடிய இடத்தில் யாரோ கார் கழுவுகிறார்கள். அந்த டாக்டர் பிள்ளைக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன பொம்பளையை அவர் என்ன நினைத்தாரோ.

செல்வி மட்டும் இருக்கிறாள். தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் முறுக்கு சுட்டுக்கொண்டு வருவாள். "எங்கம்மாவக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது பெரியம்மாதான்" என்று தன் பிள்ளைகளிடம் சொல்வாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு இருப்பேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை வரச் சொல்லியிருக்கிறேன். என் வாயால் சொல்ல ஆரம்பித்தால் அது தன் பழக்கத்தைக் காட்டிவிடும் என்பதால்தான் இதை எழுதி வைக்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி இடம் வந்தபோது ஷாலுவின் விரல் நின்றுவிட்டது. "பாட்டி, இந்த எடத்தக் கொஞ்சம் மாத்திப் போடட்டா? செல்வி அத்த அழுவாங்கலா."

"வேணாம். அழட்டும். நான் சொன்னதத்தான் போட்டிருக்கியான்னு பாக்கணும். மொதல்லேருந்து வாசி, நான் கேக்குறேன்."