தாய் வேஷம் கேட்டுத் திண்டிவனம் போனது

சிங்கப்பூர் விழுந்த வருஷத்துக் கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நானும் என் வீட்டுக்காரரும் விழுப்புரத்தில் திண்டிவனம் பஸ் ஏறினோம். தூரம் இருபத்துநான்கு மைல். தலைக்கு எட்டணா. ஆர்மோனியப் பெட்டியைக் கூரைமேல் போட்டதற்கு இரண்டணா தனி. ரயிலில் போயிருந்தால் செலவு குறைவுதான். ஆனால் எந்த ரயில் எப்போது வரும், வந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு நிற்க இடம் இருக்குமா என்று ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கே தெரியாத காலம் அது.

பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் கரியில் ஓடின. பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஓர் இரும்பு அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கனல் ஏற்றுவார். அரைமணி நேரம் சுற்றினால்தான் வண்டி நகரும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் இறங்கும்போது அடுப்பிலிருந்து எழுந்தவர்கள்போல இருப்பார்கள். நாங்கள் உட்கார்ந்தது கடைசி வரிசை.

நாங்கள் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நாடகக்காரி. பெயர் ரங்கம். பதினைந்து வயதில் மேடை ஏறி, இருபத்தைந்துக்குப் பிறகு தாய் வேஷம் கட்டியவள். வீட்டுக்காரர் தாண்டவம் எங்கள் குழுவின் ஆர்மோனியக்காரர். யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு ஆனதும் பெட்ரோமாக்ஸ் விளக்கு அணைந்தது. அதோடு நாடகமும் நின்றது. பட்டணத்தில் குண்டு விழும் என்று ஊரே கிளம்பி ஓடியபோது ஒரு சினிமாக் கம்பெனியும் மூட்டை கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து தங்கியிருந்தது. அடுத்த படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அதில் ஒரு தாய் வேஷம் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம். மாதச் சம்பளமாம். உடனே புறப்பட்டோம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சண்முகம். பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனான். அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போன நாளிலிருந்து அவனைப் பற்றித் தகவல் இல்லை. அன்றைக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தோம்.

விக்கிரவாண்டியில் வண்டி நின்று கரி போட்டார்கள். வண்டி ஏற முடியாத மேடுகளில் இறங்கி நடந்தோம். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது மயிலம் முருகன் கோயில் குன்று தெரிந்தது. நான் கை கூப்பினேன். வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனம் சேர்ந்தபோது பத்து மணி ஆகிவிட்டது. காப்பி கிளப்பில் இட்லி அரையணா, காப்பி ஓரணா. எங்கள் ஊரைவிட எல்லாமே ஒரு பங்கு கூடுதல். பட்டணத்திலிருந்து வந்த குடும்பங்கள் வீடு வீடாக அடைந்திருந்ததால் விலை ஏறியிருந்தது. பரிமாறியவரிடம் கம்பெனிக்கு வழி கேட்டேன்.

"மல்லாட்டை கெடங்குக்குத்தானே? நேரா போய் சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. காலையிலேர்ந்து இதே கேள்விதாங்க. பொண்டு புள்ளைங்கல்லாம் பவுடர் பூசிக்கினு போவுதுங்க," என்றார்.

கப்பல் போக்குவரத்து நின்று நிலக்கடலை வியாபாரம் படுத்ததால் காலியாகிப்போன கிடங்கு அது. உள்ளே போனதும் எண்ணெய்ச் சிக்கு வாடை முகத்தில் அடித்தது. சாக்குகளை விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கூரை இல்லாத முற்றம். அங்கே மூன்று கால் சட்டத்தின்மேல் காமிரா. இரண்டு பக்கமும் வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகள்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போகாதவர்களுக்காக, அங்கே என்ன நடக்கும் என்று எழுதுகிறேன். முதலில் பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. நடக்கச் சொல்கிறார்கள். நின்று இடமும் வலமும் திரும்பச் சொல்கிறார்கள். பல்லைப் பார்க்கிறார்கள். பலகையில் பட்ட வெயிலைத் திருப்பிக் கண்ணில் அடித்து, கண்ணைச் சிமிட்டாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். எனக்கு முன்னால் போன ஒரு பெண் நன்றாகப் பாடக்கூடியவள்; அந்த வெளிச்சத்தில் கண்ணீர் கொட்டியதும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவள் பாட்டை யாரும் கேட்கவே இல்லை. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்த இடம் புதிதாகத் தோன்றாது.

என் முறை வந்தது. டைரக்டர் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். மரியாதையாகத்தான் பேசினார். நான் மேடையில் பேசுகிற மாதிரி நாலு வரி பேசிக் காட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பேசாதீங்கம்மா. எதிர்ல நிக்கிற ஒருத்தனுக்குக் கேட்டாப் போதும்."

இருபது வருஷமாகக் கடைசி வரிசைக்குப் பேசிய தொண்டை. அதைச் சுருக்கப் பெரும்பாடு பட்டேன். மூன்றாவது தடவை தலையசைத்தார்.

"இப்போ காட்சி சொல்றேன். நீங்க வாசல்ல நிக்கிறீங்க. ஓர் ஆள் வந்து, உங்க பிள்ளை யுத்தத்துல போயிட்டான்னு சொல்றான். நீங்க அலறக் கூடாது. மார்ல அடிச்சுக்கக் கூடாது. அப்படியே நின்னு, 'ராஜா'ன்னு பேரை மட்டும் சொல்லணும். அந்த ஆளா நானே சொல்றேன். அவர் பின்னாலே மெதுவா வாசிக்கட்டும்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பெட்டியின் துருத்தியைத் தள்ளிக்கொண்டு தரையைப் பார்த்தார். முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சாக்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பளமும் நினைவில் இருந்தது. நின்றேன்.

காமிரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது. டைரக்டர் சாதாரணக் குரலில், "அம்மா, உங்க பிள்ளை போயிட்டாம்மா," என்றார்.

மேடையில் பிள்ளையைப் பறிகொடுத்துப் பல நூறு தடவை அழுதிருக்கிறேன். அந்த அழுகை இடுப்பிலிருந்து வரும். எப்போது தொடங்கி எப்போது முடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எதுவும் வரவில்லை. வாய் திறந்தபோது, "சண்முகம்" என்றேன்.

ஆர்மோனியம் நின்றுவிட்டது.

பிறகு டைரக்டர் மெல்ல, "பேரைத்தான் மாத்திட்டீங்க. பரவால்லே. இதுதான் எனக்கு வேணும். வேஷம் உங்களுக்குத்தான்," என்றார்.

நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காமிராக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்டேன்: "ஐயா, இதை எப்பங்க பாக்கலாம்?"

அவர் காமிராவைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளே பிலிம் இல்லேம்மா. கப்பல் வந்தாத்தான் பிலிம். சத்தம் கேட்டா முகம் எப்படி மாறுதுன்னு பாக்கறதுக்காகச் சும்மா ஓட்டறோம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. நான் சொன்ன அந்தப் பெயர் எதிலும் பதியவில்லை, காற்றோடு போய்விட்டது. ஆனால் அடுத்த நொடியே புரிந்தது: கப்பல் வந்ததும் அதே இடத்தில் மறுபடி நிற்க வேண்டும். சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப நிற்க வேண்டும். பிறகு ஊர் ஊராகக் கொட்டகையில் அது ஓடும்.

டைரக்டரிடம் போனேன். "கதையில அந்தப் புள்ள திரும்பி வருவானாங்க?"

"இல்லேம்மா. அவன் போயிடறான். அதுதான் கதை."

"அப்ப எனக்கு வேற வேஷம் இருந்தா குடுங்க. வேலைக்காரி, பூக்காரி, எதுவானாலும் சரிங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காரணம் கேட்கவில்லை; பெயர் மாறியதிலேயே ஊகித்திருப்பார் என்று நினைக்கிறேன். "அதுக்கெல்லாம் ஆள் எடுத்தாச்சேம்மா," என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த, செங்கல்பட்டிலிருந்து வந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள். நாங்கள் வெளியே வரும்போது அவள் "ராஜா, ராஜா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கே அந்த வேஷம் கிடைத்ததென்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பிற்பகல் மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். அதே எட்டணா. இந்தத் தடவை முன்பக்கம் இடம் கிடைத்தது. வேஷத்தை விட்டதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். வண்டி கூட்டேரிப்பட்டைத் தாண்டியது. பிறகு, "ரங்கம், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"இன்னாங்க?"

"அங்க நீ நின்னியே... அப்ப நீ நம்பிட்டியா? புள்ள இல்லேன்னு?"

"அய்யோ, இல்லீங்க. அந்த ஆளு சொன்னப்ப சட்டுனு வந்துடுச்சி. அவ்ளோதான்."

அவர் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில், "நான் நம்பிட்டேன். இன்னிக்கி இல்ல. அந்த ஊரு வுழுந்துச்சின்னு சொன்னாங்களே, அன்னிக்கே," என்றார். "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் வாயை மூடிக்கினு கெடந்தேன்."

ஒரே கூரைக்கடியில், ஒரே சட்டியில் கேப்பைக் கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டு, இத்தனை நாள் நான் ஒருவனுக்காகக் காத்திருந்தேன். இவர் அவனைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. கூடவே, இந்தச் சுமையை இவர் தனியாகச் சுமந்தாரே என்றும் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காய்ந்த வயல்கள் போய்க்கொண்டே இருந்தன.

திண்டிவனத்தையும் எங்கள் ஊரையும் ஒப்பிட்டுச் சொல்ல அதிகம் இல்லை. அங்கே கூட்டம், விலை, பட்டணத்துப் பேச்சு. இங்கே ரயில் புகை. இரண்டு ஊரிலும் அந்த வருஷம் ஜனங்கள் ஏதோ செய்திக்காகக் காது கொடுத்தபடியே நடமாடினார்கள். போகும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இருந்த எல்லா முகத்திலும் அது தெரிந்தது.

விழுப்புரத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும். பட்டாள ரயில் ஒன்று தண்ணீர் பிடிப்பதற்காக நின்றிருந்தது. வீட்டுக்காரர் ஆர்மோனியப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி என் காலடியில் வைத்தார். "இங்கியே இரு, தோ வர்றேன்," என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனார்.

அந்த வண்டி தெற்கே போகிற வண்டி. சிங்கப்பூரில் சிக்கிக்கொண்டவன் அதில் இருக்க வழியே இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. எஞ்சின் பக்கமிருந்து தொடங்கி, கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தபடி கடைசிப் பெட்டிவரை போனார்.